சமவெளிக் காலும் மலைக் காலும்

சைக்கிள் மிதித்தால் பெண்பிள்ளைகளுக்குக் கால் தடித்துப்போகும் என்னும் பேச்சு, பாலக்காட்டுச் சீமையின் கிழக்கெல்லையிலே தமிழ் வழங்கும் ஊர்களாகிய கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலியவற்றிலும், மலைக்கு மேலே இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த மறையூர், தேவிகுளம், குமுளி வட்டாரங்களிலும், அம்மலையின் கிழக்கடிவாரத்துப் போடி, கம்பம், கூடலூர்ப் பக்கங்களிலும் இன்றளவும் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பத்தாம் வகுப்பு வரையில் வயலோரத்துச் சாலையிலே தோழிகளோடு பேசிக்கொண்டே சைக்கிளில் பள்ளிக்குப் போய்வந்த பெண், திடீரென்று ஒருநாள் வண்டியைத் திண்ணையோரம் சாத்திவிட்டுப் பஸ்ஸுக்குக் காத்து நிற்கத் தொடங்குவாளாயின், அதற்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் காரணங்கள் பலவற்றுள் இந்தக் கால் தடிக்கும் காரணமும் ஒன்றாக இருக்கக் காண்கிறோம். அதே தெருவிலே, உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்வரும் வாலிபர்களோ, சைக்கிள் மிதித்தாவது தொடை பருக்காதா என்ற ஏக்கத்தோடு கண்ணாடி முன்னே நிற்கிறார்கள். ஒருத்தி எதற்கு அஞ்சுகிறாளோ அதையே ஒருவன் விரும்புகிறான். இருவர் மனத்திலும் உள்ள கேள்வி ஒன்றே: நாள்தோறும் சைக்கிள் மிதிப்பவருடைய கால், பருமனிலும் வடிவத்திலும் எவ்வாறு மாறுகிறது?

இக்கேள்விக்கு விடை தேடுவதற்கு இந்த எல்லைப் பிரதேசத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் தென்னாட்டில் கிடைப்பது அரிது. வடக்கே நீலகிரியும் தெற்கே ஆனைமலையும் விலகி நின்று வழிவிடும் பாலக்காட்டுக் கணவாய், கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 140 மீட்டர் உயரமே உடையதாய், நெல்வயலும் தென்னந்தோப்பும் பனை வரிசையும் நிறைந்த அகன்ற சமவெளியாய்க் கிடக்கிறது. கோவிந்தாபுரத்தில் எல்லை கடந்து, பொள்ளாச்சி, உடுமலை வழியாகச் சின்னாறு சேர்ந்து, அங்கிருந்து மறையூர் ஏறி மூணாறு போகிறவர், ஒரே பகற்பொழுதுப் பிரயாணத்தில் அந்தச் சமவெளியை விட்டு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்துத் தேயிலை மலைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறார். ஒரே பாஷை பேசி, ஏறக்குறைய ஒரே ஆகாரம் உண்டு, ஒரே ஜாதிச் சைக்கிளைப் பழகிய ஜனங்கள் ஒரு பக்கம் தட்டையான மண்ணிலும் மறுபக்கம் செங்குத்தான மலையிலும் வாழ்வதால், நிலம் காலுக்கு என்ன செய்கிறது என்பதை இங்கே பிரத்தியட்சமாகப் பார்க்க முடிகிறது.

முதலில் சமவெளியைப் பார்ப்போம். பாலக்காட்டு ஜில்லாவைச் சேர்ந்த சித்தூர்த் தாலுகாவின் கிராமங்களில், பொழுது விடியுமுன்னே பால் கேன்களைக் கேரியரின் இருபுறமும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு கூட்டுறவுச் சங்கத்துக்குச் செல்லும் நடுத்தர வயதுப் பால்காரர் ஒருவரை நிறுத்தி, மடித்துக் கட்டிய வேட்டிக்குக் கீழே அவருடைய காலைக் கவனியுங்கள். இருபது முப்பது வருஷ காலம், மழையென்றும் வெயிலென்றும் பாராமல், அந்தக் கால்கள் மிதித்திருக்கின்றன. சைக்கிள் காலைப் பருக்கச் செய்வது உண்மையாயின் அவருடைய தொடை தூண்போல் இருக்கவேண்டும். இருப்பதோ மெலிந்து, இறுகி, முழங்காலுக்குச் சற்று மேலே உட்புறத்தில் ஒரு சிறு திரட்சி தெரிய, ஆடுசதையின் நடுவே கோடு விழுந்து, தோலுக்கடியில் ரத்தக் குழாய் ஓடும் ஒல்லியான கால். அவர் இறங்கி நிற்கும்போது காலில் சதை இருப்பதாகவே தோன்றாது. மறுபடி ஏறி முதல் மிதியை அழுத்தும் கணத்தில் மட்டும், முன்தொடைத் தசை தனித்தனிப் பட்டைகளாகப் பிரிந்து தோன்றி மறைகிறது.

இது ஏன் இவ்வாறு என்பதற்கு விடை ஓர் எளிய கணக்கில் அடங்கியிருக்கிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர், 20 கிலோ எடையுள்ள பழைய மாதிரி ஹெர்குலிஸ் வண்டியில், காற்றில்லாத சமதளச் சாலையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போவதற்கு ஏறத்தாழ 50 வாட் சக்தியே போதும். பெடல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் அந்த வண்டி ஐந்தரை மீட்டருக்குக் குறையாமல் முன்னேறும். எனவே அந்த வேகத்தில் ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு காலும் ஏறத்தாழ 2,700 தடவை கீழே அழுத்துகிறது. ஒவ்வோர் அழுத்தத்தின் பளு எவ்வளவு என்று பார்த்தால், சராசரியாக ஆறேழு கிலோ. பெடல் முன்னால் கிடையாக நிற்கும் உச்ச கணத்திலும் அது பதின்மூன்று பதினான்கு கிலோவைத் தாண்டுவது அபூர்வம். தரையில் குந்தியிருந்து எழுந்திருக்கும் ஒவ்வொரு தடவையும் நம்முடைய ஒவ்வொரு காலும் உடம்பின் பாதி எடையைத் தூக்குகிறது. மாடிப்படி ஏறும்போதோ ஒற்றைக்கால் முழு உடம்பையும் தூக்குகிறது. அதனோடு ஒப்பிட்டால் சமவெளிச் சைக்கிள் மிதி என்பது மிகமிக இலேசான காரியம்; அதனுடைய பெருமையெல்லாம் ஆயிரக்கணக்கான தடவை ஓயாமல் நிகழ்வதில்தான் இருக்கிறது.

பளுவுக்கும் தசைக்கும் உள்ள சம்பந்தத்தை இனிச் சற்று விரிவாகவே நோக்கவேண்டும். தசை என்பது மயிரிழை போன்ற நார்களின் கட்டு. அந்நார்கள் ஒரே வகையின அல்ல. மெதுவாகச் சுருங்கி நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் சிவந்த நார்களும், விரைந்து சுருங்கிப் பெரும் பலம் காட்டிச் சீக்கிரத்தில் சோர்ந்துவிடும் வெளிறிய நார்களும் ஒரே தொடையில் அருகருகே கலந்து கிடக்கின்றன. ஹார்வர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த எல்வுட் ஹென்னெமன், 1965ஆம் ஆண்டளவில் நிலைநாட்டிய நியமம் ஒன்று இங்கே நமக்கு வழிகாட்டுகிறது. வேலை இலேசாக இருக்கும்வரையில் நரம்பு மண்டலம் மெதுவான நார்களை மாத்திரமே எழுப்புகிறது. பளு கூடக்கூடத்தான் பெரிய, விரைவான நார்கள் வரிசைப்படி அழைக்கப்படுகின்றன. பருக்கும் இயல்பு மிகுதியாக உள்ளவை இந்த இரண்டாம் வகை நார்களே. அவை கடும்பளுவைத் தாங்கி இழுவிசைக்கு உட்படும்போது, நாரின் உள்ளே புரதக் கட்டுமானத்தை ஏவும் சமிக்ஞைகள் பிறக்கின்றன, நாரின் எண்ணிக்கை கூடாமல் அதன் கனம் கூடுகிறது, கால் தடிக்கிறது. ஆறேழு கிலோப் பளுவில் மிதிக்கும் பால்காரருடைய தொடையில் அந்த விரைவான நார்களுக்கு அழைப்பே பெரும்பாலும் போவதில்லை.

அவ்வாறாயின் இருபது வருஷ உழைப்பு அவர் காலில் ஒன்றுமே செய்யவில்லையா என்றால், நிரம்பச் செய்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் செய்திருக்கிறது. டென்மார்க்கு தேசத்து உடலியல் மேதை ஆகஸ்ட் குரோக், தசைக்குள் ஓடும் மிகச் சிறிய ரத்தக் குழாய்களாகிய தந்துகிகள் வேலையின்போது எவ்வாறு திறந்துகொள்கின்றன என்பதைக் கண்டுபிடித்து 1920இல் நோபெல் பரிசு பெற்றவர். மனிதனுடைய உழைப்பை அளப்பதற்கென்று 1913ஆம் ஆண்டிலேயே நிலையான சைக்கிள் கருவி ஒன்றை வடிவமைத்தவரும் அவரே. அவர் பெயர் தாங்கிய கோபன்ஹேகன் ஆராய்ச்சி நிலையத்திலே, 1977இல் ஆண்டர்சன், ஹென்றிக்சன் என்னும் இருவர், வாலிபர்கள் சிலரை எட்டு வாரம், வாரத்துக்கு நான்கு நாள், நாளொன்றுக்கு 40 நிமிஷம் சைக்கிள் கருவியில் கடுமையாக மிதிக்கச் செய்து, முன்பும் பின்பும் முன்தொடைத் தசையிலிருந்து ஊசியளவு எடுத்து நுண்நோக்கியில் பார்த்தபோது, தந்துகிகளின் நெருக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு பெருகியிருக்கக் கண்டார்கள். பிராணவாயுவை எரித்துச் சக்தியாக்கும் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்புகளும் இவ்வகை அப்பியாசத்தால் பெருகுகின்றன என்பதை அதற்குப் பத்து வருஷம் முன்னரே, 1967இல், அமெரிக்காவில் ஜான் ஹொலோசி எலிகளை ஓடவிட்டு நிரூபித்திருந்தார். நாரின் கனம் மிகுந்துபோனால் அதன் நடுப்பகுதிக்குப் பிராணவாயு சென்று சேரவேண்டிய தூரமும் மிகுந்துவிடும்; நெடுநேரம் உழைக்கவேண்டிய தசைக்கு அது சௌகரியமன்று. ஆகவே, நீடித்த இலேசான உழைப்புக்கு உடம்பு ஏற்பாடு செய்துகொள்ளும் விதம், நாரை ஒல்லியாகவே வைத்து அதைச் சுற்றிலும் ரத்த ஓட்டத்தைப் பெருக்குவதாக அமைகிறது. பால்காரருடைய ஒல்லிக் காலை இளப்பமாக நினைத்துவிடலாகாது. பருத்த தொடையுடைய வாலிபன் ஒருவன் அவரோடு பொள்ளாச்சி வரையில் போட்டியிட்டு மிதித்தால், நல்லேப்பிள்ளி தாண்டுவதற்குள் யார் முன்னே போகிறார் என்பது தெரிந்துவிடும்.

பாலக்காட்டுச் சமவெளியைப் பற்றிப் பேசும்போது அங்குள்ள காற்றைச் சொல்லாமல் விட்டால் பாதியைச் சொல்லாமல் விட்டதாகும். இருபுறமும் மலை அடைத்து நிற்க, நடுவே கிடைத்த ஒரே வாசலில் காற்று புகுந்து ஓடுகிறது; ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து கிழக்கேயும், மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து மேற்கேயும் அது வீசும் வேகத்தில் கஞ்சிக்கோட்டுக் காற்றாலைகள் சுழல்கின்றன. ஆடி மாதத்தில் வாளையாற்றிலிருந்து பாலக்காட்டை நோக்கி மேற்கே மிதித்துப் பார்த்தவர்களுக்கு, தட்டையான சாலையிலே கண்ணுக்குத் தெரியாத மலையொன்று நிற்பது தெரியும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்காற்று வீசும்போது, முன்சொன்ன அதே மனிதர் அதே 15 கிலோமீட்டர் வேகத்தில் போக விரும்பினால், 50 வாட்டுக்குப் பதிலாக 160 வாட்டுக்கு மேல் செலவிடவேண்டும். நூறு அடிக்கு மூன்றரை அடி உயரும் ஏற்றத்தில் மிதிப்பதற்கு அது சமானம். ஒவ்வொரு மிதியின் சராசரிப் பளுவும் இருபது கிலோவை எட்டிவிடுகிறது. காற்றுக் காலத்தில் அந்தப் பக்கத்து ஜனங்கள் இருக்கையை விட்டு எழுந்து நின்று, உடம்பை இடமும் வலமும் சாய்த்துச் சாய்த்து மிதிப்பதும், அக்காலத்தில் தொடை ஓரளவு திரண்டு தோன்றுவதும் இதனாலேயே.

இனி மலைக்குப் போவோம். போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்குச் செல்லும் பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயர்கிறது. கம்பத்திலிருந்து கம்பமெட்டுக்கும், கூடலூரை அடுத்த லோயர் கேம்ப்பிலிருந்து குமுளிக்கும் ஏறும் பாதைகளும் அதற்கு இளைத்தவை அல்ல. ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் வேலைக்குப் போகிற ஜனங்கள் இன்று ஜீப்பிலும் பஸ்ஸிலும் ஏறுகிறார்கள். சைக்கிள் இந்த மலையில் ஒருகாலும் சமவெளியைப்போல் செழித்ததில்லை. அதன் காரணத்தையும் கணக்கே சொல்லிவிடுகிறது. நூற்றுக்கு ஐந்து உயரும் ஏற்றத்தில், பல்சக்கர மாற்றம் இல்லாத அந்தப் பழைய வண்டியில், ஒரு மிதியின் சராசரிப் பளு 24 கிலோ. உச்ச கணத்தில் ஏறத்தாழ அதன் இருமடங்கு. நூற்றுக்கு எட்டு உயரும் இடத்தில் சராசரியே 36 கிலோவாகி, உச்சப் பளு மிதிப்பவருடைய முழு எடையையும் தாண்டிவிடுகிறது. உடம்பின் எடை முழுவதையும் ஒற்றைப் பெடலில் ஏற்றி நின்றாலும் வண்டி நகராது. ஹேண்டில்பாரைக் கையால் மேலே இழுத்துக் கூடுதல் அழுத்தம் தேடவேண்டும். நாலு மிதி, ஐந்து மிதி. அப்புறம் இறங்கி உருட்டவேண்டியதுதான். மலையோரத்து ஊர்களில் வண்டியை ஏற்றத்தில் உருட்டிக்கொண்டு போகிறவர் சோம்பலினால் இறங்கவில்லை. நரம்பும் எலும்பும் அனுமதிக்கும் எல்லை அங்கே வந்துவிட்டது.

அந்த எல்லைக்கு உட்பட்ட ஏற்றங்களில் நாள்தோறும் மிதிக்கிறவன் கதை வேறு. மறையூர்க் கரும்புத் தோட்டங்களின் நடுவே மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் பாதைகளிலோ, வண்டிப்பெரியாற்றுப் பக்கத்துச் சரிவுகளிலோ ஒற்றைப் பல்சக்கர வண்டியை விடாப்பிடியாக மிதித்து வளர்ந்த பையனுடைய காலைப் பாருங்கள். விரைவான நார்களுக்கு அங்கே தினந்தோறும் அழைப்புப் போகிறது. மெதுவாகவும் பலமாகவும் அழுத்தவேண்டியிருப்பதால் தசை ஒவ்வொரு தடவையும் நெடுநேரம் இறுகி நிற்கிறது. பிட்டத்துப் பெருந்தசையும், வைத்தியர்கள் குவாட்ரிசெப்ஸ் என்று சொல்லும் நான்கு தலை கொண்ட முன்தொடைத் தசையும் திரள்கின்றன. அந்நான்கனுள் வெளிப்புறத்துத் தலை திரண்டால் முன்னாலிருந்து பார்க்கத் தொடை அகன்று தெரியும். உட்புறத்துத் தலை திரண்டால் முழங்கால் சில்லுக்கு மேலே கண்ணீர்த் துளி வடிவத்தில் ஒரு புடைப்பு எழும். பின்தொடைத் தசை அவ்வளவாகத் திரள்வதில்லை. ஆடுசதையோ, தொடை எழுப்பிய பலத்தைக் கணுக்கால் மடங்காமல் காத்துப் பாதத்துக்குக் கடத்துவதையே முக்கிய வேலையாகக் கொண்டிருப்பதால், பெரும்பாலும் இறுகுகிறதே அன்றிப் பருப்பதில்லை.

ஆயினும் மலையேறினாலே கால் பருக்கும் என்று முடிவு கட்டிவிடுதல் பிழை. பல்சக்கரங்களை மாற்றிக்கொள்ளும் வசதியுள்ள வண்டியில், ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர் மட்டுமே முன்னேறும்படி அமைத்துக்கொண்டால், நூற்றுக்கு எட்டு உயரும் அதே ஏற்றத்தில் மிதியின் சராசரிப் பளு 13 கிலோவாக இறங்கிவிடும். வேகம் குறையுமேயன்றிக் கால் மிதிப்பது காற்றுக் காலத்துச் சமவெளியைக் காட்டிலும் இலேசு. 1903இல் தொடங்கிய பிரான்ஸ் தேசத்துப் பெரும் பந்தயமாகிய டூர் டி பிரான்ஸில் இந்தப் பல்சக்கர மாற்றக் கருவியைத் தொழில்முறை வீரர்களுக்கு 1937ஆம் வருஷம் வரையில் அனுமதிக்கவே இல்லை; ஆல்ப்ஸ் மலையைக் கடந்த அக்காலத்து வீரர்கள், இறங்கிப் பின்சக்கரத்தையே திருப்பி மாட்டி மாற்றுப் பல்லில் செயினைப் பொருத்திக்கொண்டு மிதித்தார்கள். இன்றைய மலையேறும் வீரர்கள் இலேசான பல்லை விரைவாகச் சுற்றி ஏறுகிறவர்கள். உலகத்தின் மிகக் கடினமான மலைகளை ஏறும் அவர்களுடைய கால்களோ கொக்கின் கால்களைப்போல் மெலிந்திருக்கின்றன. மலை ஒன்றுதான், மிதியின் பளு வேறு. காலின் பருமனை நிர்ணயிப்பது அந்தப் பளுவே என்பது என்னுடைய துணிபு.

பளுவை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோனால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று, மரத்தளத்தில் வட்டமிட்டு ஓடும் குறுவேகப் பந்தய வீரர்களிடம் கிடைக்கிறது. 2012ஆம் வருஷத்து லண்டன் ஒலிம்பிக்கில் ஜெர்மானிய அணியோடு வெண்கலம் வென்ற ராபர்ட் ஃபோர்ஸ்டெமன், சைக்கிள் மிதித்து உற்பத்தி செய்த மின்சாரத்தால் 700 வாட் ரொட்டிச் சூடடுப்பில் ஒரு துண்டு ரொட்டியைச் சுட்டுக் காட்டிய 2015ஆம் வருஷத்துக் காட்சியை உலகமே பார்த்தது. மெலிந்த மனிதனுடைய இடையின் சுற்றளவை நெருங்கும் அவருடைய தொடையைக் கண்டு அஞ்சினவர்களும் ஆசைப்பட்டவர்களும் ஒருசேர மறந்துவிடும் விஷயம், அது சைக்கிள் மிதித்ததால் மாத்திரம் வந்ததன்று என்பது. அத்தகைய வீரர்கள் பாரமான இரும்பைத் தோளில் சுமந்து குந்தி எழும் அப்பியாசத்தை வருஷக் கணக்கில் செய்கிறார்கள். பந்தயத்தில் அவர்கள் மிதிப்பது பத்து விநாடி, அரை நிமிஷம். அக்கணங்களில் அவர்கள் எழுப்பும் சக்தி இரண்டாயிரம் வாட்டை நெருங்கும். நம் தேசத்திலும் இவ்வகையினர் தோன்றியிருக்கிறார்கள். அந்தமான் நிக்கோபார்த் தீவுகளைச் சேர்ந்த ஈசோ ஆல்பென், மணிப்பூரின் ரொனால்டோ சிங், ரோஜித் சிங் ஆகிய மூவர், 2019இல் ஜெர்மனியின் பிராங்க்பர்ட் ஓடர் நகரத்தில் நடந்த இளையோர் உலகப் போட்டியில், குறுவேக அணிப் பந்தயத்தில் தங்கம் வென்றார்கள். கேரளத்திலும் திருவனந்தபுரம் லட்சுமிபாய் தேசிய உடற்கல்விக் கல்லூரியின் வட்டத் தளத்திலே வீராங்கனைகள் பயில்கிறார்கள். அவர்களுடைய தொடைகள் திரண்டிருப்பது நெடுங்காலத் தவத்தின் பலன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று மைல் மிதிக்கிற பெண்ணுக்குத் தற்செயலாக வந்துவிடக்கூடியது அல்ல. பந்தயத்தின் வகைக்கேற்ப உடம்பு மாறுவதை ஒரே மனிதனிடத்திலும் காணலாம்: வட்டத்தளத்தில் ஒலிம்பிக் தங்கங்களை வென்ற இங்கிலாந்தின் பிராட்லி விக்கின்ஸ், மலைப் பந்தயத்துக்காக உடம்பை மிகவும் இளைக்கச் செய்துகொண்டே 2012இல் டூர் டி பிரான்ஸை வென்றார்.

வடிவத்தைப் பற்றிய மற்றொரு மயக்கத்தையும் தெளிவுபடுத்தவேண்டும். ஆடுசதை உயரத்திலேயே திரண்டு முடிகிறதா, கணுக்காலை நோக்கி நீண்டு இறங்குகிறதா என்பது, தசைக்கும் குதிகாலுக்கும் இடையேயுள்ள தசைநாண் எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது. அது தாய் தந்தையர் கொடுத்தது. எத்தனை மைல் மிதித்தாலும் மாறாது. தொடையின் கொழுப்பைச் சைக்கிள் அந்த இடத்திலிருந்தே கரைத்துவிடும் என்று நம்புவதும் சரியன்று. கொழுப்பு உடம்பு முழுவதிலிருந்தும் உடம்பின் இஷ்டப்படியே குறையும். புதிதாக மிதிக்கத் தொடங்கியவர்கள் இரண்டாம் வாரம் மூன்றாம் வாரத்தில் கால் இறுக்கமாகவும் சற்றே தடித்ததாகவும் இருக்கிறதென்று சொல்வதுண்டு. அது பொய்யன்று. தசை, வேலைக்குத் தேவையான மாச்சத்தைக் கிளைகோஜன் என்னும் உருவில் முன்னிலும் அதிகமாகச் சேமிக்கத் தொடங்குகிறது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனோடும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீர் தங்குகிறது. மிதித்து இறங்கிய கையோடு பார்த்தால் பெருகி நிற்கும் ரத்தமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். இந்தச் சிறு நிறைவைக் கண்டு பயந்து சைக்கிளை விட்டுவிட்ட பெண்கள் எத்தனை பேரோ!

பெண்மக்கள் விஷயத்தில் இதைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டும் என்று நினைக்கிறேன். தசை பருப்பதற்குப் பெருந்துணையாகும் டெஸ்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர், பெண்களுடைய ரத்தத்தில் ஆண்களுக்கு உள்ளதில் மிகச் சிறிய பங்கே இருக்கிறது. சமவெளிச் சாலையில் ஆணுக்கே பருக்காத கால் பெண்ணுக்கு எவ்வாறு பருக்கும்? 1990களின் தொடக்கத்திலே புதுக்கோட்டை ஜில்லாவில், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தின் ஊக்கத்தால், ஜில்லா ஆட்சித் தலைவராயிருந்த ஷீலா ராணி சுங்கத்தின் ஆதரவோடு, கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் பல்லாயிரக் கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு, யாரையும் எதிர்பாராமல் தாங்களே போய்வந்தார்கள். அந்தப் பெண்களுடைய கால் தடித்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை. பிற்காலத்தில் தமிழ்நாட்டு அரசாங்கம் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியர்க்கு விலையில்லாமல் சைக்கிள் வழங்கியது, எல்லைக்கு இப்பாலுள்ள போடி, கம்பம், உடுமலைக் கிராமங்களில் எத்தனையோ பெண்களைப் படிப்பில் நிலைக்கச் செய்தது. ஒரு பெண் தன் இஷ்டப்படி நூலகத்துக்கோ, பள்ளிக்கோ, ஸ்நேகிதி வீட்டுக்கோ போய்வரும் சுதந்திரத்தை, ஆதாரமற்ற ஒரு பயத்துக்காகப் பறித்துவிடுவது பெரிய அநியாயம். காலே தடித்துவிட்டால்தான் என்ன குற்றம் என்று கேட்கும் உரிமையும் அவளுக்கு உண்டு.

சைக்கிளைப் புகழும்போதே அது கொடாததையும் சொல்லிவிடுவது நியாயம். மூணாற்றுத் தேயிலைச் சரிவுகளில் கொழுந்துக் கூடையோடு நாள் முழுவதும் ஏறி இறங்கும் பெண்களுடைய காலுக்கு வாய்க்கும் ஓர் அப்பியாசம், சைக்கிள்காரனுக்கு வாய்ப்பதில்லை. சரிவில் இறங்கும்போது, உடம்பு கீழே பாய்ந்துவிடாதபடி முன்தொடைத் தசை நீண்டுகொண்டே பளுவைத் தடுத்து நிறுத்துகிறது. மலையிறங்கிப் பழகாதவர்களுக்கு மறுநாள் தொடை வலிப்பது இதனால்தான். சைக்கிளிலோ தசை சுருங்கியே அழுத்துகிறது. நீண்டு தாங்கும் வேலை அநேகமாக இல்லை. பாதம் தரையில் மோதும் அதிர்ச்சியும் இல்லை. அந்த அதிர்ச்சியே எலும்பை உறுதிப்படுத்துவதாதலால், சைக்கிளை மாத்திரமே நம்பியிருக்கும் பந்தய வீரர்களிடத்தில் எலும்பின் அடர்த்தி குறைந்து காணப்படுவதுண்டு. ஆகவே, மிதிக்கிறவர்கள் நடக்கவும் வேண்டும். படி ஏறி இறங்கவும் வேண்டும்.

இத்தனை நேரம் இளையோரைப் பற்றியே பேசினோம். என் மனத்தை அதிகமாகக் கவர்வது முதியோர் விஷயம். முப்பது வயதுக்குப் பிறகு தசை மெல்லமெல்லக் குறையத் தொடங்கி, அறுபதைக் கடந்ததும் விரைந்து குறைகிறது. தரையிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமற்போவதும், தடுக்கி விழுவதும் அதன் பலன்கள். அமெரிக்காவின் பால் ஸ்டேட் சர்வகலாசாலையில் 2009இல் வெளியான ஆராய்ச்சியொன்றில், எழுபது பிராயத்தை ஒட்டிய ஸ்திரீகள் பன்னிரண்டு வாரம் நிலைச் சைக்கிளில் மிதித்தபோது, அவர்களுடைய முன்தொடைத் தசையின் கனம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இளைஞனுக்கு அவ்வளவாகச் சதை வைக்காத மிதியும், மெலிந்துபோன முதிய காலுக்குச் சதை கொடுக்கிறது. ஏனெனில் அந்தக் காலுக்கு அதுவே பெரும் பளு. லண்டன் கிங்ஸ் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், நீண்ட காலமாக விடாமல் சைக்கிள் மிதித்துவரும் 55 முதல் 79 வயது வரையிலான 125 பேருள் 90 பேருடைய தசையைச் சோதித்து, வயது ஏறஏறத் தசை தேயும் என்று நாம் எதிர்பார்க்கும் அடையாளங்கள் பலவும் அவர்கள் தொடைத் தசையில் காணப்படவில்லை என்று 2018இல் எழுதினார்கள்.

பாலக்காட்டுக் கிராமத்து வீடுகளிலே மாட்டுக் கொட்டகையோரம் தூசி படிந்து நிற்கும் பழைய வண்டிகள் அநேகம். பிள்ளை மோட்டார் சைக்கிள் வாங்கியதும் தகப்பனார் தம்முடைய வண்டியை அங்கே நிறுத்திவிடுகிறார். இரண்டு மூன்று வருஷத்தில் முழங்கால் வலிக்கிறதென்கிறார். அத்தகையவர்கள் மறுபடியும் வண்டியை எடுக்க நினைத்தால், டயருக்குக் காற்றடித்துச் செயினுக்கு எண்ணெய் விட்டபின், முதலில் இருக்கையின் உயரத்தைக் கவனிக்கவேண்டும். இரண்டு காலும் தரையில் நன்றாக ஊன்றவேண்டும் என்பதற்காக இருக்கையைத் தாழ்த்தி வைத்துக்கொள்வது நம் ஜனங்களின் வழக்கம். அதனால் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கி, சில்லின் பின்புறம் ஓயாமல் அழுந்தி, வலி உண்டாகிறது. ஒருவர் வண்டியைப் பிடித்துக்கொள்ள, ஏறி உட்கார்ந்து, பெடலை அதன் கடைசித் தாழ்வுக்குக் கொண்டுபோய்க் குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நேராக நீண்டு நிற்கவேண்டும். அப்புறம் முன்பாதத்தால் மிதிக்கும்போது முழங்காலில் இலேசான மடிப்பு மிஞ்சும். அந்த உயரமே சரியான உயரம். நெடுநாள் தாழ்ந்த இருக்கையில் பழகியவர்கள் ஒரே தடவையில் அவ்வளவு உயர்த்திவிடாமல், வாரத்துக்கு அரை அங்குலமாக ஏற்றிக்கொண்டு, காற்று குறைந்த விடியற்காலையில், சமமான சாலையில், அரை மணி நேரத்துக்கு மேற்படாமல் தொடங்குவது நல்லது.